குழந்தைக்குப் பல் வைத்தியம்: மூச்சைக் கவனிப்பவர் யார்?

சொத்தைப் பல்லுக்கு வைத்தியம் செய்யப் போன குழந்தை உயிரோடு திரும்பவில்லை!

2023 நவம்பரில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் இப்படி நடந்தது. மூன்றரை வயதுச் சிறுவன். பல்லுக்கு வேர் சிகிச்சை செய்வதற்காக மயக்க மருந்து கொடுத்தார்கள். சிறுவன் பிழைக்கவில்லை.

செய்தியைப் படித்த தாய்மார்கள் பதறினார்கள். "இனி என் குழந்தைக்குப் பல் வைத்தியமே வேண்டாம்" என்று சொன்னவர்களும் உண்டு.

அது சரியா? சரியல்ல. சொத்தைப் பல்லைக் கவனிக்காமல் விட்டால் சீழ் பிடிக்கும். முகம் வீங்கும். காய்ச்சல் வரும். குழந்தை சாப்பிடாது, தூங்காது. மயக்க மருந்தால் சாவு என்பது அபூர்வம். பயந்து ஓட வேண்டாம். ஆனால், கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்கவும் கூடாது.

எத்தனை வகை மயக்கம்?

எல்லா மயக்கமும் ஒன்றல்ல.

ஈறில் ஊசி போட்டு, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வது ஒரு வகை. இதில் குழந்தை விழித்திருக்கும்.

மூக்கு வழியாகச் சிரிப்பூட்டும் வாயு கொடுப்பது இரண்டாவது வகை. இந்த வாயுவைப் பல் பிடுங்கப் பயன்படுத்தியவர் ஹொரேஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் டாக்டர். 1844-ல் அவர் அதைத் தானே முகர்ந்து, தன் பல்லையே பிடுங்கச் செய்தார்!

மருந்தை வாய்வழியாகவோ ஊசியாகவோ கொடுத்துத் தூக்கம் வரச் செய்வது மூன்றாவது. ஆபரேஷன் போல முழு மயக்கம் கொடுப்பது நான்காவது.

தூக்கம் ஆழமாக ஆக, மூச்சு குறையக்கூடும். நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கக்கூடும். சிறு குழந்தையின் மூச்சுக் குழாய் குறுகலானது. பிராணவாயு குறைந்தால், சில நிமிஷங்களிலேயே ஆபத்து.

ஒருவர் போதாது!

2015-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இதே போல இறந்தான். மயக்கம் கொடுத்தவரும் பல்லைப் பிடுங்கியவரும் ஒரே டாக்டர். "பல்லைப் பார்க்கிறவர் மூச்சையும் எப்படிப் பார்ப்பார்?" என்ற கேள்வி எழுந்தது. 2018-ல் அந்த மாநிலம் சட்டத்தைக் கடுமையாக்கியது.

2019-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் குழந்தைப் பல் மருத்துவர்களும் சேர்ந்து புது விதிமுறை வெளியிட்டார்கள். ஆழ்ந்த மயக்கம் என்றால், பயிற்சி பெற்ற இருவராவது அருகில் இருக்க வேண்டும். ஒருவர் பல்லைப் பார்ப்பார். மற்றவருக்கு மயக்கத்தையும் மூச்சையும் கவனிப்பதுதான் வேலை.

நம் ஊர்ப் பெற்றோரும் இதே கேள்வியைக் கேட்கலாம். மூலனூரில் இருந்து தாராபுரம் போனாலும், திருப்பூர் போனாலும், கோவை போனாலும் கேள்வி ஒன்றுதான்: "டாக்டர், குழந்தையின் மூச்சைக் கவனிப்பவர் யார்? பிராணவாயு தயாராக இருக்கிறதா?"

நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

முதல் நாள் வீட்டில்

பாதி வேலை டாக்டருடையது. மீதிப் பாதி வீட்டாருடையது.

மயக்கத்தில் வாந்தி வந்தால், அது நுரையீரலுக்குள் போய்விடும். அதனால்தான் வெறும் வயிறு. பொதுவான கணக்கு இது: எண்ணெய்ப் பலகாரமும் கறியும் 8 மணி நேரம் முன்பே நிற்க வேண்டும். இட்லி போன்ற லேசான உணவும், மாட்டுப் பாலும் 6 மணி நேரம். தாய்ப்பால் 4 மணி நேரம். வெறும் தண்ணீர் 2 மணி நேரம். காலை 9 மணிக்குச் சிகிச்சை என்றால், அதிகாலை 3 மணிக்கு மேல் பால் கூடாது. உங்கள் டாக்டர் வேறு கணக்குச் சொன்னால் அதையே கேளுங்கள்.

பால் கலந்த காபியும், டீயும் பால்தான்!

அம்மா பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவர் என்றால், குழந்தை பாட்டியிடம் இருக்கும். "பாவம், பசிக்குமே" என்று அம்மாயி அரை டம்ளர் பால் கொடுத்துவிடலாம். முன்பே சொல்லி வையுங்கள். தெரியாமல் குடித்துவிட்டதா? டாக்டரிடம் மறைக்காதீர்கள். நாள் தள்ளிப் போனால் போகட்டும்.

சளி, காய்ச்சல், இளைப்பு, தூக்கத்தில் குறட்டை, ஒவ்வாத மருந்து, ஆடும் பல்: எல்லாவற்றையும் சொல்லுங்கள். எடையைப் பார்த்துத்தான் மருந்தின் அளவு. ஆகவே அன்றே எடை போடச் சொல்லுங்கள்.

குழந்தையிடம் பொய் வேண்டாம். "ஒன்றுமே செய்ய மாட்டாங்க கண்ணு" என்பதைவிட, "டாக்டர் பல்லைச் சரி செய்வார், அம்மா வெளியில் இருப்பேன்" என்பது மேல்.

திரும்பி வரும்போது

குழந்தை நன்றாக விழித்து, உங்களை அடையாளம் கண்டு, தானாக உட்காரும் வரை கிளம்பாதீர்கள். கடைசி பஸ்ஸுக்காக அவசரப்படாதீர்கள்.

மோட்டார் சைக்கிளில் நடுவே உட்கார வைத்து வருவது கூடவே கூடாது. தூக்கக் கலக்கத்தில் தலை முன்னால் சாய்ந்து, தாடை நெஞ்சில் பட்டால் மூச்சு அடைபடும். காரில் வருவதே நல்லது. ஓட்டுகிறவர் ஒருவர், குழந்தையின் முகத்தையே பார்க்கிறவர் ஒருவர் என இரண்டு பெரியவர்கள் வேண்டும்.

வீட்டில் முதலில் சில வாய் தண்ணீர். வாந்தி இல்லை என்றால் ஆறிய கஞ்சி. பல் பிடுங்கி இருந்தால் உறிஞ்சு குழல் கூடாது. உதடு மரத்திருக்கும்போது குழந்தை கடித்துப் புண்ணாக்கிக் கொள்ளும், பார்த்துக் கொள்ளுங்கள். தூங்கினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தனியாக விடாதீர்கள். அன்று சைக்கிள், மாடிப்படி, தொட்டி, கிணற்று மேடு எதுவும் வேண்டாம். டாக்டர் எழுதாத மருந்து ஒரு சொட்டும் கூடாது.

எழுப்பியும் எழவில்லையா? உதடு நீலமாகிறதா? மூச்சு திணறுகிறதா? உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலும், அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலும் டாக்டரிடம் ஓடுங்கள்.

வராமலே தடுக்கலாம்

பால் புட்டியோடு தூங்க வைக்காதீர்கள். முதல் பல் முளைத்த நாளில் இருந்தே துலக்கி விடுங்கள். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு சொத்தைப் பல்லையும் பார்க்கிறது. அவர்களிடம் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

சிறு சொத்தையை ஆரம்பத்திலேயே அடைத்துவிட்டால், பெரும்பாலும் மயக்க மருந்தே தேவைப்படாது!