கள்ளக்குறிச்சி என்று தேடினால்...

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து, 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. அதற்குப் பிறகும் வெளிமாநிலத்தவருக்கு அந்தப் பெயர் பெரிதாக அறிமுகமாகவில்லை. 2022 ஜூலையில் கனியாமூர் பள்ளி வளாகத்தில் வன்முறை வெடித்தபோதும், 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோதும்தான் நாடு முழுவதும் அந்தப் பெயரைத் தேடியது. அந்த நாள்களில் குவிந்த செய்திகள் தேவையானவை. மறைக்கப்பட வேண்டியவை அல்ல. ஆனால், அவற்றுக்குக் கீழே தள்ளப்படும் பக்கங்களை எவரேனும் திறந்து பார்க்கிறார்களா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

விடை ஏறத்தாழ தெரிந்ததே. 2006-இல் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் தனது பயனாளர்கள் சுமார் 6.5 லட்சம் பேரின் தேடல் பதிவுகளை வெளியிட்டுப் பெரும் சர்ச்சையில் சிக்கியது. அந்தரங்கம் மீறப்பட்டதற்காகவே அச்சம்பவம் நினைவுகூரப்படுகிறது. எனினும், அப்பதிவுகள் இன்னொன்றையும் காட்டின: சொடுக்குகளில் சுமார் 42 விழுக்காடு முதல் முடிவுக்கே சென்றது, இரண்டாவதற்குக் கிடைத்தது 12 விழுக்காடு மட்டுமே. பின்னர் பேக்லிங்கோ நிறுவனம் 40 லட்சம் கூகுள் முடிவுகளை ஆராய்ந்தபோது, முதலிடத்தின் பங்கு 27.6 விழுக்காடாக இருந்தது. இரண்டாம் பக்கத்துக்குச் சென்று எதையேனும் சொடுக்கியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

சிறந்தது மேலே இருப்பதால்தானே மக்கள் அதை நாடுகிறார்கள் என்று வாதிடலாம். கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. கூகுள் தந்த முடிவுகளின் வரிசையை மாணவர்கள் அறியாமல் ஆய்வாளர்கள் மாற்றியமைத்தனர். பொருத்தம் குறைந்தவை மேலே வந்தபோதும், மேலிருப்பதை நம்பும் சாய்வு அவர்களை விட்டு நீங்கவில்லை. பந்தியில் முதல் இலைக்குத்தான் எல்லாம் முதலில் வரும் என்பது நமக்குப் புதிதன்று. அந்த இலையில் அமர்ந்தவரே தகுதியானவர் என்று நம்பத் தொடங்குவதுதான் புதிது.

இந்த நம்பிக்கை தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். லாரி பேஜும் செர்கே பிரினும் 1998-இல் முன்வைத்த முறையில், ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்புகள் வாக்குகளைப் போன்றவை. கண்ணில் படும் பக்கத்துக்கே இணைப்பு கிடைக்கும். இணைப்புப் பெற்ற பக்கமே கண்ணில் படும். பயனாளர்களின் சொடுக்குகளும் தரவரிசையில் பயன்படுகின்றன என்பது கூகுளுக்கு எதிராக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கின் சாட்சியங்களில் வெளிப்பட்டது. தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என 2024 ஆகஸ்டில் அந்த வழக்கில் தீர்ப்பளிக்கப்பட்டது.

இனி மலைக்குத் திரும்புவோம். கல்வராயன் மலைவாழ் மக்களின் வாழ்நிலை குறித்து, கருணாபுரம் துயரத்துக்குப் பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. சாலை, மருத்துவம் போன்ற அடிப்படை வசதிகள் பேசுபொருளாயின. சாராயச் செய்தி சில வாரங்களுக்குரியது, சாலையின்மை தலைமுறைகளுக்குரியது. ஆனால், இணைப்புகளும் சொடுக்குகளும் குவிவது முன்னதற்கே. போதாக்குறைக்கு, மலையின் பெயரே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது: கள்ளக்குறிச்சிப் பக்கம் கல்வராயன், சேலம் பக்கம் கல்ராயன். ஆங்கில எழுத்திலும் இதே பிளவு. தேடுபொறி இரண்டையும் ஓரளவு இணைத்துப் புரிந்துகொண்டாலும், ஏற்கெனவே குறைவாக உள்ள இணைப்புகள் இரு பெயர்களுக்கிடையே சிதறுகின்றன.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. போலியைத் தடுக்க அது சட்டக் கருவி. தேடலில் இடம்பிடித்துத் தராது. சிறு பட்டறை வைத்திருக்கும் சிற்பி, ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கொண்ட பெரு விற்பனைத் தளங்களுடன் ஒரே பக்கத்தில் போட்டியிட வேண்டும். மேலே வர முடியாதவருக்கு எஞ்சுவது, காசு கொடுத்து விளம்பர இடம் வாங்கும் வழி.

முதலிடமே இப்போது ஆட்டம் காண்கிறது. செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் சுருக்கத்தை முடிவுகளுக்கு மேலே வைக்கும் வசதியைக் கூகுள் 2024 ஆகஸ்டில் இந்தியாவிலும் தொடங்கியது. அமெரிக்கப் பயனாளர்களிடையே பியூ ஆய்வு மையம் மேற்கொண்டு 2025-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுருக்கம் தோன்றிய தேடல்களில் 8 விழுக்காட்டில் மட்டுமே வழக்கமான முடிவு ஒன்று சொடுக்கப்பட்டது. தோன்றாதபோது 15 விழுக்காடு. ஒரு மாவட்டத்தின் கதை நான்கு வரிகளில் முடியுமானால், அந்த நான்கு வரிகளில் எவை இடம்பெறும் என்பது முன்னிலும் முக்கியமாகிறது.

இந்தியப் போட்டி ஆணையம் தேடலில் பாரபட்சம் காட்டியதற்காக 2018-இல் கூகுளுக்கு ரூ.135.86 கோடி அபராதம் விதித்தது. செய்தி நிறுவனங்களின் புகாரின்பேரில் 2022 ஜனவரியில் விசாரணைக்கும் உத்தரவிட்டது. அந்த வழிகள் நீளமானவை. மாவட்ட நிர்வாகம் தன் கையிலிருப்பதை இப்போதே செய்யலாம்: நம்பகமான அரசுத் தளத்தின் இணைப்புக்குத் தேடலில் மதிப்பு உண்டு. மலைக் கிராமங்களைப் பற்றித் தமிழில் விரிவான பக்கங்களை அங்கே எழுதி வைக்கலாம். பெயரின் இரு வடிவங்களையும் அவற்றில் சேர்க்கலாம். சிற்பிகளின் சொந்தப் பக்கங்களுக்கு அங்கிருந்து இணைப்புத் தரலாம். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடுகூடத் தேவைப்படாது.