அறியாமையும் பழியும்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் கல்யாண மகாலைக் கண்டு வியப்பர். நெற்களஞ்சியத்தின்முன் நிற்போர் சிலரே. 1690ஆம் ஆண்டு தொடங்கி ஏழாண்டுகளுக்கு மேல் நீடித்த முற்றுகையை, நெல்லும் நீரும் இன்றி அக்கோட்டை தாங்கியிருத்தல் கூடுமோ?

நம் உடலைப் பற்றியும் இவ்வாறே பிழைபட எண்ணினோம். உயிரணுவிலுள்ள டி.என்.ஏ.யில் புரதம் ஆக்கும் பகுதி நூற்றில் இரண்டு பங்கிற்கும் குறைவு. எஞ்சியதில் பெரும்பகுதியை அறிஞர் பலர் குப்பையென ஒதுக்கினர். 1993இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் என்போரின் ஆய்வுகள், சிறு புழுவொன்றில், புரதம் ஆக்காத குறு ஆர்.என்.ஏ. மரபணுவின் செயலை அடக்கியாளுவதைக் காட்டின. இதற்காக 2024இல் அவ்விருவரும் நோபல் பரிசு பெற்றனர். மனிதரிடத்தும் இவை உள. அவற்றுள் ஒன்றில் ஓர் எழுத்துப் பிறழினும், தலைமுறைதோறும் செவிப்புலன் குன்றும் என்பது 2009இல் புலனாயிற்று.

ஆயினும், குழந்தையின் பிறவிநோயைத் தாயின் குற்றமென்றும் முன்வினையென்றும் கூறுவோர் இன்றும் உளர். எவரும் வேண்டிப் பெறாத எழுத்துப்பிழைக்கு எவரைப் பழிப்பது? அறியாததைக் குப்பை என்பதும், அறியாத நோய்க்குத் தாயைப் பழிப்பதும் ஒரே தவறேயாகும். மாணவர்களே, பழிச்சொல் எந்நோயையும் தீர்த்ததில்லை. ஆராய்ந்தறிதலே நோயுற்றோர்க்கு நாம் செய்யும் முதல் உதவி.