யந்திரத்துக்குத் தமிழ் தெரியாதாம்

சுசீந்திரம் தெப்பக்குளத்துப் படியில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தபோது, கம்ப்யூட்டர் படிக்கும் என் மருமகன் கேட்டான்: "மாமா, இந்த இஃப், வைல் எல்லாம் மந்திரமா? ஸார் சொல்லுகாரு, நாங்க எழுதுகோம்."

நியாயமான கேள்வி. ஆங்கிலேயச் சிறுவனுக்கு 'இஃப்' என்பது அம்மாவிடம் மிட்டாய்க்குப் பேரம் பேசிய சொல். நம் பையனுக்கு அது அர்த்தம் தெரியாத அட்சரம்.

"பைத்தானில் நாற்பது சொற்கூடக் கிடையாது; அதைப் படிக்க முடியாதா?" என்று கேட்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். முடியும்தான். ஆனால் நிரல் எழுதுவது சொற்களை உருப்போடுகிற காரியமல்ல. ஒழுங்காக யோசிக்கிற காரியம். அந்த யோசனை நம் வயல்வரப்பில் ஏற்கனவே இருக்கிறது. "வயலு நெறஞ்சா மடைய அடச்சிரு, இல்லேன்னா அங்கனயே நில்லு" என்று பையனை அனுப்புகிற நாஞ்சில் நாட்டு விவசாயி, நிபந்தனையையும் சுற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். அதை மறக்கடித்துவிட்டு மந்திரம் ஓதுவதற்குப் பெயர் படிப்பா?

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியதல்ல. 1950களில் அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பர் என்ற அம்மாள், குறியீடுகளுக்குப் பதில் ஆங்கிலச் சொற்களில் நிரல் எழுதலாம் என்றார். சொல்லை மாற்றினால் போதும் என்று காட்ட, பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதிக் காட்டினார். மேலதிகாரிகள் பதறிப்போனார்களாம்: அமெரிக்க யந்திரத்துக்குப் பிரெஞ்சு எப்படிப் புரியும்? யந்திரத்துக்கு ஆங்கிலமும் புரியாது என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. நம்மவர்களுக்கு இன்னும் உறைக்கவில்லை.

தமிழில் செய்து காட்டியும் இருக்கிறார்கள். முத்தையா அண்ணாமலை 'எழில்' என்ற நிரல்மொழியை உருவாக்கி, 2009லேயே அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அதில் நிபந்தனை முன்னால் வருகிறது, 'ஆனால்' பின்னால் வருகிறது. தமிழன் வாக்கியம் அமைக்கிற வரிசை அதுதான். பாராட்டத்தான் வேண்டும். ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. விடையைத் திரையில் காட்ட 'பதிப்பி' என்று ஏன் கட்டளையிட வேண்டும்? 'காட்டு' என்றால் குழந்தைக்கும் புரியுமே! ஆங்கில மந்திரத்தை விரட்டிவிட்டு அகராதி மந்திரத்தைக் குடியேற்றுவதில் என்ன லாபம்?

பேச்சுமொழியில் குழப்பம் வரும் என்று டைக்ஸ்ட்ரா போன்ற மேதைகள் எச்சரித்தார்கள். உண்மை. வளவளவென்று பேசினால் யந்திரம் திணறும். நான் கேட்பது வளவளப்பையல்ல. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். அந்தச் சொல் மட்டும் வீட்டுச் சொல்லாக இருக்கட்டும்.

நாளைக்கு அவன் ஆங்கிலமும் படிப்பான், படிக்கட்டும். முதல் நாளன்றே தன்னை மூடன் என்று நினைத்துக்கொண்டு அவன் எழுந்து போய்விடக் கூடாது. எனக்கு அவ்வளவுதான் கவலை.