மைக், ஸ்பீக்கர், எலும்பு

கல்ச்சுரல்ஸ்ல மைக்கை ஸ்பீக்கர் பக்கத்துல கொண்டுபோனா 'கீஈஈ'ன்னு காதைக் கிழிக்குமே, ஞாபகம் இருக்கா? ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள்ள போய், பெருசாகி வெளிய வந்து, மறுபடியும் உள்ள போகுது. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல இதுக்குப் பேர் பாசிட்டிவ் ஃபீட்பேக். பேர்ல மட்டும்தான் பாசிட்டிவ்.

இதே லூப் உடம்புக்குள்ளயும் ஓடும்னு எனக்குத் தெரிஞ்சது எங்க பெரியம்மாவாலதான். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிஞ்சு மூணு வருஷம் கழிச்சு இடுப்பு வலி. "வயசானா வலிக்கத்தானே செய்யும்"னு வீட்டுல சொன்னோம். நானும்தான் சொன்னேன். கடைசியில ஸ்கேன் எடுத்தப்போ எலும்புக்குப் பரவியிருந்தது.

மார்பில் இருந்தது ஏன் எலும்புக்குப் போகணும்? லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜெட் 1889-லேயே இந்த மாதிரி கேள்வியைக் கேட்டார். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் ரெக்கார்டுகளைப் பார்த்துவிட்டு, விதை எங்கே விழுந்தாலும் முளைக்காது, தோதான மண் வேண்டும் என்றார்.

எலும்பு அப்படியொரு மண். அங்கே வந்து சேர்ந்த புற்றுச் செல்கள் பிடிஹெச்ஆர்பி என்ற புரதத்தைச் சுரக்கும். அது எலும்பைக் கரைக்கிற ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைக் கிளப்பிவிடும். எலும்பு கரையும்போது அதற்குள் சேமிப்பாக இருந்த டிஜிஎஃப்-பீட்டா போன்ற வளர்ச்சிக் காரணிகள் வெளியே வரும். அதை வாங்கிக்கொண்டு புற்று இன்னும் வளரும், இன்னும் சுரக்கும். அதே மைக், அதே ஸ்பீக்கர்.

என் கருத்து இதுதான்: புற்றுநோயை 'எதிரி', 'போராட்டம்'னு மட்டுமே பேசிட்டிருந்தா பயம்தான் மிஞ்சும். லூப்பா பார்த்தா, எங்கே வெட்டலாம்ங்கிற கேள்வி வரும். எலும்புக்குக் கொடுக்கிற சோலெட்ரானிக் ஆசிட், டெனோசுமாப் மருந்துகள் அதைத்தான் செய்யுது. அதோட முக்கிய குறி புற்று இல்லை, ஆஸ்டியோகிளாஸ்ட். நோய் குணமாகாது. ஆனா எலும்பு முறியறதையும் வலியையும் தள்ளிப்போடும். பெரியம்மாவுக்கு இப்போ அந்த ஊசிதான் போடுறாங்க. வாசல் வரைக்கும் நடந்து வந்து கோலம் போடுறாங்க.

எல்லா இடுப்பு வலியும் புற்று இல்லை. ஆனா சிகிச்சை முடிஞ்சவங்க யாராவது எலும்பு வலி விடாம இருக்குன்னு சொன்னா, நாங்க சொன்னதை நீங்க சொல்லாதீங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

பயாலஜி நம்ம சிலபஸ்ல இல்லதான். ஃபீட்பேக் இருக்கே?