கடல் விலகிய வீதி



ஒரகடம் ஆலைகளில் தொழில் பழகிச் சிங்கப்பூர் செல்லும் நம் இளைஞர்கள், விடுமுறை நாளில் அத்தீவின் கரையோரம் மிதிவண்டியில் சுற்றிவர விரும்பக்கூடும். ஏறத்தாழ 150 கிலோமீட்டராகத் திட்டமிடப்பட்ட சுற்றுப்பாதையில், கிழக்கே 75 கிலோமீட்டர் 2021இல் நிறைவுற்றது.

ஆயின், இன்று நகரையொட்டிக் காணும் கரை, கடலைத் தூர்த்து உண்டாக்கப்பட்டது. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற நம் முன்னோர் இறங்கிய பழைய கரை, இப்போது உள்ளே ஒதுங்கிவிட்ட தெலுக் ஆயர் வீதியாகும். ஆங்கிலேயர் 1819இல் துறைமுகம் அமைத்த எட்டே ஆண்டுகளில், அங்கே ஓலைக்குடிசையில் தொழுகை தொடங்கிற்று. அதனாலேயே அது ‘குச்சுப்பள்ளி’ எனப் பெயர் பெற்றது. கடல் விலகியபோதும் பள்ளிவாசல் அங்கேயே நிற்கின்றது.

கரையோரம் மட்டும் சுற்றினால் அது கண்ணில் படாது. மிதிவண்டியைச் சற்று உள்ளே திருப்புங்கள். தொழுது, பிழைப்புத் தேடிச் சென்ற அம்முன்னோருக்காகத் துஆச் செய்யுங்கள்.