நிலமும் சட்டமும்: கடன் தீர்ந்தது, வில்லங்கம் தீர்ந்ததா?

துறையூர் வட்டத்து வாசகர் ஒருவரின் கேள்வி இது. அவருடைய தந்தை 1996-ல் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய 3 ஏக்கர் புஞ்சை, அவர் உயில் எழுதாமல் காலமானபின் அண்ணன், தம்பி இருவர் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. தாயாரும், கட்டிக்கொடுத்த தங்கையும் இருக்கிறார்கள். தம்பி தன் பாகத்தை விற்க விரும்புகிறார். அண்ணனே வாங்க முன்வந்து, வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு 2 லட்சம் ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டார். இப்போது வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால், கிணறு வெட்டத் தந்தை வாங்கிய வங்கிக் கடனுக்கான அடமானம் அப்படியே நிற்கிறது. அந்தக் கடனைச் சென்ற ஆண்டே கட்டி முடித்தாயிற்று. இனி என்ன செய்வது? வரி வருமா?

அடமானம்: பணம் கட்டியதும் வங்கிக் கணக்கில் கடன் தீரும், சார்பதிவாளர் அலுவலகப் பதிவில் தானாகத் தீராது. பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கடன் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தை வங்கி எழுதிக் கொடுத்து, அதையும் பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்றில் அந்த விவரம் ஏறும். கடன் முழுதும் கட்டிய 30 நாளுக்குள் அசல் பத்திரத்தை வங்கி திருப்பித் தரவேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தரவேண்டும். இது 1.12.2023 முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி உத்தரவு. கடன் வாங்கியவர் இறந்திருந்தால் வாரிசுகள் வாரிசுச் சான்றுடன் எழுத்து மூலம் கேட்டு, ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும்.

பாகம்: பட்டாவில் இரண்டு பெயர் இருப்பதால் பாகம் இரண்டாகிவிடாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தந்தையின் சுய சம்பாத்தியத்தில் தாய், இரு மகன்கள், மகள் ஆகிய நால்வருக்கும் சம உரிமை உண்டு. எனவே தம்பி எழுதிக் கொடுக்கக்கூடியது 4-ல் 1 பாகம்தான், பாதி அல்ல. பாதி என்று நினைத்து விலை பேசியிருந்தால், தாயாரையும் தங்கையையும் வைத்துக்கொண்டு மறுபடி பேசுவதே நியாயம். அவர்கள் கையெழுத்து இல்லாமல் எழுதும் பத்திரம் அவர்கள் பாகத்தைக் கட்டுப்படுத்தாது. பத்து வருடம் கழித்து வழக்கு வந்தால் இன்று கொடுக்கும் பணம் சிக்கிக்கொள்ளும்.

பத்திரம்: வெள்ளைத்தாள் எழுத்தால் நிலம் கை மாறாது. உடன்பிறந்தவருக்கே தருவதால் கிரயம் தேவையில்லை. குடும்பத்தாருக்குள் விடுதலைப் பத்திரம் போதும். இதற்கு முத்திரைத் தீர்வை 1 சதம் (உச்சவரம்பு 40,000 ரூபாய்), பதிவுக் கட்டணம் 1 சதம் (உச்சவரம்பு 10,000 ரூபாய்). இந்த உச்சவரம்புகள் 2023 ஜூலை முதல் உள்ளவை. கிரயம் என்றால் 7 சதமும் 2 சதமும் ஆகும். பாகத்தின் மதிப்பு 8 லட்சம் என்றால் விடுதலைக்கு 16,000 ரூபாய். கிரயத்துக்கு 72,000 ரூபாய். முன்பணம் 2 லட்சத்தையும் பத்திரத்தில் குறிப்பிட வேண்டும். மீதியை வங்கி வழியாகக் கொடுப்பது இருவருக்கும் சாட்சி.

வருமான வரி: வாரிசாக வந்த நிலத்துக்கு வரி கிடையாது. தம்பி பெறும் தொகைக்கு வரி உண்டா என்பது நிலம் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. நகராட்சி, பேரூராட்சி எல்லைக்கு வெளியே, அந்த ஊரின் மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டருக்கும், 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டருக்கும், அதற்கும் மேல் என்றால் 8 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. தூரத்தைச் சாலை வழியாக அல்ல, நேர்கோட்டில் அளக்க வேண்டும். சாகுபடி நடப்பதற்கு அடங்கல் நகல் ஆதாரம். எல்லைக்குள் இருந்தால் வரி வரும். ஆனால் விற்பதற்கு முன் 2 ஆண்டு சாகுபடியில் இருந்த நிலமாகி, அந்த ஆதாயத்தில் 2 ஆண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் விலக்குப் பெறலாம்.

வரிசை: முதலில் வங்கி ரசீதைப் பதிவு செய்து, புதிய வில்லங்கச் சான்றில் அது ஏறியதைப் பார்க்கவும். அடுத்து வாரிசுச் சான்று, நால்வரின் பேச்சு. அதன்பின் விடுதலைப் பத்திரம். கடைசியாகப் பட்டா மாறுதல். மீதிப் பணத்தைப் பத்திரம் பதிவாகும் நாளில் கொடுத்தால் போதும்.