டு பாய்ஸுக்கு ஐந்து மார்க்கூட இல்லையா?

சமூகவியல் மாணவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மார்க்ஸ், துர்க்கைம், வெபர் என்று மூன்று பெயர்களைச் சொல்லிவிடுவார்கள். நான் நடத்தும் பாடத்திட்டம் அப்படி. டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் அதில் ஐந்து மார்க் கேள்விக்குக்கூட வருவதில்லை. இது அநியாயம் என்பது என் கட்சி.

ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். 1896-ல் ஃபிலடெல்ஃபியாவின் ஏழாவது வார்டில் வாழ்ந்த கறுப்பின மக்களை ஆராய பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரை அமர்த்தியது. ஆனால் வகுப்பெடுக்க விடவில்லை. புதுமனைவியோடு அந்த வார்டிலேயே ஒற்றை அறையில் குடியேறி, கேள்விப் படிவங்களோடு வீடு வீடாகப் படியேறினார். ஏறத்தாழ 2,500 குடும்பங்கள். என்ன வேலை, எவ்வளவு வாடகை, ஓர் அறையில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதினார். பிறகு வார்டின் வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டையும் வசதிப்படி நான்கு தரமாகப் பிரித்துக் குறித்தார். கடைசித் தரத்துக்கு அவர் வைத்த பெயரில் ‘குற்றவாளிகள்’ என்ற சொல்லும் உண்டு. அந்தக் காலத்து மேட்டிமைப் புத்தி அவரையும் விடவில்லை. அதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் இந்த ஆய்வு 1899-ல் நூலாக வந்தபோது சொன்னது என்ன? கறுப்பினத்தவர் மட்டமான அறைக்கு அதிக வாடகை கொடுத்தார்கள். தொழில் தெரிந்தவருக்கும் பட்டறைக் கதவு திறக்கவில்லை, தொழிற்சங்கங்களும் சேர்க்கவில்லை. வறுமையும் குற்றமும் பிறவிக் குணம் என்று ஊரே பேசிய நாளில், அவற்றின் காரணத்தை வாழ்நிலையில் காட்டினார். துர்க்கைமின் ‘தற்கொலை’ இதற்கு இரண்டே ஆண்டு மூத்தது. நான் ரசித்து நடத்தும் நூல்தான். ஆனால் அது அரசுப் புள்ளிவிவரத்தை வைத்து எழுதியது. துர்க்கைம் யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை.

1904-ல் அமெரிக்கா வந்த வெபர், டு பாய்ஸிடம் கட்டுரை கேட்டு வாங்கித் தன் ஆய்விதழில் 1906-ல் வெளியிட்டார். அம்பேத்கர் 1946-ல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் நகலைக் கேட்டார். அவர்களுக்குத் தெரிந்த ஆளை நம் பாடத்திட்டக் குழுவுக்குத் தெரியவில்லை.

நேரமில்லை என்பார்கள். சமூகவியல் முன்னோடி காம்ட்டின் மூன்று நிலை விதிக்கு ஒதுக்கும் வகுப்புகளில் இரண்டைக் குறைத்தால் போதும். யாருக்கும் நஷ்டமில்லை.